படகைத் திருப்பாதவன்

கடலோரக் குருநகர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் உரும்பிராய்க்காரி, கடலைப் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவள் பத்தாம் வகுப்புக்குக் கடலைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டு போனேன் என்றால் என் துணிச்சலை என்னவென்று சொல்வது!

கதை அரைப்பக்கம்தான். புயலில் இரண்டு படகுகள் கரைக்கு வருகின்றன. ஒன்று கவிழ்ந்து, அதிலிருந்தவன் தண்ணீரில் தத்தளிக்கிறான். மற்றவன் அதைப் பார்த்தும் படகைத் திருப்பாமல் கரைக்குப் போய்விடுகிறான். வகுப்பின் நடுவில் ஒரு கதிரை. திருப்பாதவனாக ஒரு பிள்ளை அதில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். பயிற்சிப் பட்டறையில் கற்ற வித்தை.

ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் றஜிந்தனின் தகப்பன் இப்படித்தான் கடலில் இறந்துபோனார். அவரை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தவர் ஜெசிதாவின் தகப்பன் கிறகோரி. அன்றிலிருந்து இரண்டு வீடும் முகம் பார்ப்பதில்லை. பிள்ளைகள் இருவரும் என் வகுப்பில், ஆளுக்கொரு மூலையில்.

"நான் இருக்கிறன் ரீச்சர்."

வாயே திறக்காத ஜெசிதா எழுந்து வந்து கதிரையில் இருந்தாள். எனக்கு வாயெல்லாம் பல். வகுப்பு ஏன் அடங்கிப்போனது என்று யோசிக்கக்கூட இல்லை, மடைச்சி.

சுபாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஏன் நீங்கள் திருப்பேல்லை?"

"திருப்பினால் அலை விலாவிலை அடிக்கும். என்ரை படகும் கவிழும். என்னோடை ரெண்டு பெடியள் நிண்டவங்கள்."

என் கதையில் அந்தப் படகில் பையன்கள் யாரும் இல்லை. நான் எழுதிவைத்திருந்த விடை ஒரே சொல்: சுயநலம். அலை விலாவில் அடிக்கும் என்பது உரும்பிராய்த் தோட்டக்காரிக்கு எங்கே தெரியும்?

றஜிந்தன் எழுந்தான். முன்வரிசை ஜெயனி என் காதில் விஷயத்தைச் சொன்னாள். நிறுத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கேட்டுவிட்டான்.

"அவர் கூப்பிட்டவரோ?"

"ஓம். கையைத் தூக்கிக் கத்தினவன்."

"என்னெண்டு?"

ஜெசிதா அவனையே பார்த்தாள். "'திருப்பாதை. பெடியளைக் கொண்டு போ' எண்டு."

இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயால் கடலில் நின்ற ஒரு மனிதன் கதைப்பதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கதிரைக்குக் கிட்டப் போகவே பயமாக இருந்தது.

"அப்ப ஏன் வந்து சொல்லேல்லை?" றஜிந்தனின் குரல் உடைந்தது.

"ஆர் நம்புவினம்? தப்பி வந்தவன் கட்டின கதையெண்டெல்லோ சொல்லுவியள். மகளுக்கு மட்டும் ஒருக்காச் சொன்னனான்."

அவன் கதிரைக்குக் கிட்ட வந்தான்.

"நான் நம்புறன். அப்பா அப்பிடித்தான் சொல்லியிருப்பார்."

ஜெசிதா கதிரையை விட்டு எழுந்தாள். இப்போது அவள் வெறும் ஜெசிதாதான்.

"நீ நம்புறாயெண்டு அப்பாட்டைச் சொல்லட்டே?"

"வேண்டாம்," என்றான் றஜிந்தன். "நானே வந்து சொல்லுறன்."