ஒப்பீட்டு விளக்கு: எலிசேயோ

விக்குன்யா ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்த எலிசேயோ கயேகியோஸ், தன் கன்னத்தை மனைவி ஒதிலியா தொட்டால் இளஞ்சிவப்பாக ஒளிர்வார். நாணம் என்று ஊர் நினைத்தது. மலைமேல் வானாய்வகத்தில் நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்ப்பது ஒதிலியாவின் வேலை. அது சுத்தமான ஹைட்ரஜன் ஒளி என்று அவளுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. வானாய்வகத்துக்கு வானம் இருட்டாக வேண்டுமென்று தெருவிளக்குக்குக்கூடத் தொப்பி மாட்டச் சட்டம் போட்டிருந்த பக்கம் அது என்பதால், கல்யாணமான முதல் பத்து வருடமும் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தை அவள் அதைவிட அதிக காலமாகக் கவனித்துவந்தாள். அதன் அதிர்வலை என்றாவது சுற்றியிருக்கும் வாயு வளையத்தில் மோத வேண்டும். மோதினால், பிரித்த ஒளியில் தெரியும் ஹைட்ரஜனின் மெல்லிய கோடு அகன்றுவிடும். காத்துக் காத்து அவளுக்குக் குணமே கெட்டுப்போனது. மொட்டைமாடியில் சின்னத் தொலைநோக்கியோடு நின்றவளை ஒரு நாள் ஆசையாகப் பின்னாலிருந்து அணைத்தவரிடம், "உள்ள போ கிழவா, உன் வெளிச்சம் வானத்தையே கெடுக்குது" என்று எரிந்து விழுந்தாள். எலிசேயோ உள்ளே போனார். அதன்பின் இரண்டு வருடம் ஒளிரவே இல்லை.

கோடு அகன்ற அன்றைக்கென்று பார்த்து ஒப்பீட்டு விளக்கு உயிரை விட்டது. எந்தக் கோடு எந்த அலைநீளம் என்று காட்டுவது அதுதான். அது இல்லாமல் அலையின் வேகத்தைக் கணக்கிட முடியாது. புது விளக்கு வர மூன்று நாளாகும். ஒளியைப் பிரிக்கும் கருவியையோ வேறு ஆய்வுக்காகக் காலை பத்து மணிக்குக் கழற்றிவிடுவார்கள். விடிந்ததும் ஒதிலியா கடைக்குப் போன் செய்தாள். மாவு ஒட்டிய கையோடு எலிசேயோ ரொட்டி வண்டியை மலைக்கு ஏற்றினார்.

அவரைக் கருவியின் முன் ஸ்டூலில் உட்காரவைத்துக் கன்னத்தைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

"மேடம், ஒண்ணுமே பதியல. கட்டிப்புடிச்சுப் பாருங்களேன்" என்றான் கருவியை இயக்கும் நிவால்தோ, ஒலிபெருக்கியில்.

"வாயை மூடுடா." ஒதிலியா கணவர் பக்கம் திரும்பினாள். "கிழவா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. நீ ஒளிராத வீட்டுக்குத் திரும்பி வரவே பிடிக்கல எனக்கு."

"இதை எனக்காகச் சொல்றியா, நட்சத்திரத்துக்காகச் சொல்றியா?"

நியாயமான கேள்வி. ஒதிலியா வளையத்தை நினைத்தாள், போன வருடங்களை நினைத்தாள். பிறகு, "நிவால்தோ, கருவியைக் கழட்டிடு" என்றாள்.

"இருங்க மேடம், இருங்க! வருது!"

எலிசேயோவின் ஒளியில் சிவப்பு, நீலப்பச்சை, ஊதா என்று எல்லாக் கோடுகளும் அதனதன் இடத்தில் விழுந்தன. அலை வளையத்தில் மோதியது உறுதியானது. 'ஒப்பீட்டு விளக்கு: எலிசேயோ, முப்பது வினாடி' என்று கட்டுரையில் எழுதினாள். அச்சுக்கு முன் கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் முப்பது வினாடி போதுமா என்று மட்டும் கேட்டார்கள். தாராளமாகப் போதும், ஆள் மாலைவரை அணையவில்லை என்று பதில் போட்டாள். கட்டுரை அடுத்த மாதம் அச்சானது.