நூற்று அறுபத்து மூன்றாவது ரேஸ்

என் வீட்டுக்காரர் கார் ரேஸ் ஓட்டுகிறவர் என்று சொன்னால் போதும், டல்லாஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் நம் ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எத்தனை ஜெயிச்சிருக்கார்?" பொங்கல் விழாவில், பிறந்தநாள் பார்ட்டியில், கையில் பேப்பர் தட்டும் வாயில் பஜ்ஜியுமாகக் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருடமாக நூறு மைல் வேகத்தில் கதவோடு கதவு உரசி ஓட்டுகிற மனுஷனை ஒரே நம்பரில் முடித்துவிடப் பார்க்கிறார்களே என்று.

அந்த நம்பரை எழுதி வைத்திருப்பதே நான்தான். கதிருக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதில் 'சாதனைகள்' என்று ஒரு பக்கம். ஓட்டிய ரேஸ் 162. முதல் ஐந்துக்குள் வந்தது 41. இரண்டாம் இடம் 9. வெற்றி 0. அந்த சைபரை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்கட்டும் சாந்தி, அதுவும் நான் ஓட்டுனதுதான" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தார்.

அவர் ஓட்டுவது ஸ்டாக் கார். பார்ப்பதற்கு வீட்டு வாசலில் நிற்கிற கார் மாதிரிதான் இருக்கும். உள்ளே ஒரு சீட்டும் இரும்புக் குழாய்களும் தவிர ஒன்றுமில்லை. கண்ணாடி பார்த்து ஓட்ட முடியாது, தலையைத் திருப்பவும் முடியாது. அதனால் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒருத்தர் மைதானத்துக் கூரைமேல் நின்று, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பாட்டர் என்பார்கள். கதிருக்கு ஸ்பாட்டர் நான். வாரநாளில் டெலிகாம் ஆபீசில் டெஸ்டிங், ஞாயிற்றுக்கிழமை கூரை.

மற்ற டீம்காரர்கள் எங்கள் ரேடியோவை ஒட்டுக் கேட்பார்கள். கேட்டுத் தொலையட்டுமே. நாங்கள் பேசுவது கோபிச்செட்டிபாளையத்துத் தமிழ். "உள்ள ஒருத்தன் வாரானுங்க. பாதி வந்துட்டான். காலிங்க." இதை வைத்துக்கொண்டு டெக்சாஸ்காரன் என்ன செய்வான்? எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே, வெளியே, பின்னாடி, பக்கத்தில் யாரும் இல்லையென்றால் காலி. இதைத் தவிர ரேடியோவில் வேறு பேச்சு கூடாது. பயமாக இருந்தாலும் கூடாது, அழுகை வந்தாலும் கூடாது.

எனக்கு ஒரு கனவு வரும். வருடக்கணக்காக அதே கனவு. கூரைமேல் நிற்கிறேன். சாயந்திர வெயில் மஞ்சளாக இறங்கியிருக்கிறது. கீழே கார்கள் சுற்றுகின்றன, சத்தமே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கார் குறைகிறது. கடைசியில் கதிரின் நீலக் கார் மட்டும் சுற்றுகிறது. நான் சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது. 'முன்னாடி யாருமே இல்லீங்க.' பன்னிரண்டு வருடத்தில் நான் சொல்லாத வாக்கியம் அது ஒன்றுதான். முன்னாடி எப்போதும் யாராவது இருந்து தொலைப்பார்கள். சொல்ல வாயைத் திறப்பேன், குரல் வராது. விழித்துக்கொள்வேன். பக்கத்தில் கதிர் வளைவு எடுக்கிற மாதிரி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

போன அக்டோபரில் சீசனின் கடைசி ரேஸ். அதற்கு முந்தின வாரம் கிட்டுசாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். காரும் டீமும் அவருடையவை. டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் வீட்டு இட்லி அவர் கம்பெனி மாவில்தான் வேகிறது. எங்கள் கார் பானெட்டில் அவருடைய இட்லிப் படம் ஆவி பறக்க இருக்கும்.

"கதிரு, ஏழு வருசம் ஆச்சு. எனக்கும் வயசாகுது, வீட்லயும் கேக்கறாங்க" என்றார். "இந்த ஒண்ணு ஜெயிச்சுட்டீங்கன்னா இன்னும் மூணு வருசத்துக்கு நானே நிக்கறனுங்க. இல்லீன்னா இதோட கார வித்துப்போடலாம். தப்பா நெனைச்சுக்காதீங்க."

"இதுல தப்பா நெனைக்க என்னங்கண்ணா இருக்குது" என்றார் கதிர். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. வேறு டீம் கூப்பிடுகிற வயதில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்ட இரண்டு தோசையும் தொண்டையில் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் எனக்குப் புத்தி கெட்டது. புது வண்டி எடுத்தால் நாம் என்ன செய்கிறோம்? நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். எங்கள் வேனுக்குச் செய்தேன், பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மியின் எலெக்ட்ரிக் காருக்கும் நான்தான் செய்தேன். பன்னிரண்டு வருடமாகக் கதிரின் ரேஸ் காருக்கு மட்டும் செய்யவில்லை. அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. ஆனால் ரேஸ் அன்றைக்குக் காட்டன்வுட் பெண்ட் மைதானத்தில் புது டயர் நாலும் மாட்டியிருந்தார்கள். புது டயர் என்றால் ஒரு வகையில் புது வண்டிதானே என்று மனசு கணக்குப் போட்டது. கதிர் ஹெல்மெட்டோடு அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, கைப்பையிலிருந்து நாலு பழத்தை எடுத்து வைத்துவிட்டேன். டீம் பையன்கள் காரைத் தள்ளினார்கள். சதக் சதக்கென்று நாலும் நசுங்கின. மெக்கானிக் ஒருவன் பார்த்துவிட்டு எனக்குக் கட்டை விரலைக் காட்டினான். நான் கூரைக்கு ஏறினேன்.

ரேஸ் நூற்றைம்பது சுற்று. நூறு சுற்றுக்கு மேல் எல்லாமே லேசாகிவிடும். வெயில், சத்தம், ரப்பர் வாசம் எல்லாம் ஒன்றாகக் கலந்து, நான் நிற்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாது. என் வாய் மட்டும் தானாகப் பேசிக்கொண்டிருக்கும். "உள்ள ஒருத்தனுங்க. போயிட்டான். காலி." கதிர் பதில் பேச மாட்டார். மைக்கை இரண்டு தடவை தட்டுவார், அவ்வளவுதான். அந்த இரண்டு தட்டு எனக்குக் காதில் இல்லை, நெஞ்சில் விழும்.

நூற்று முப்பத்தெட்டாவது சுற்றில் மூன்றாவதாக இருந்தார். நூற்று நாற்பதில் இரண்டாவது. எனக்கு அந்த இரண்டாவது இடத்தின் மேல் தீராத வெறுப்பு. ஒன்பது தடவை பார்த்தாகிவிட்டதே! முன்னால் போன சிவப்புக் கார் மூன்றாவது வளைவில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே இறங்குவது மேலிருந்து தெரிந்தது.

"மூணாவது வளைவுல வெளிய எடம் இருக்குதுங்க" என்றேன்.

டக், டக்.

சுவரை ஒட்டி, ஒரு கை அகலம்கூட இல்லாத இடத்தில், நீலக் கார் மேலே போனது. நூற்று நாற்பத்தேழாவது சுற்றில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். "உள்ள இருக்கான். இன்னும் இருக்கான். பாதி. காலி... காலிங்க!"

வெயில் மஞ்சளாக இறங்கியிருந்தது. சத்தம் எங்கோ போய்விட்டது. கீழே இருபத்து நாலு கார்கள் ஓடியிருக்க வேண்டும், என் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஐயோ, இது கனவாக இருந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். குரல் வந்தது.

"முன்னாடி யாருமே இல்லீங்க."

அந்தப் பக்கம் தட்டும் சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கட்டம் போட்ட கொடி விழுந்தபோது நான் கூரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஸ்பாட்டர்கள் என்னைத் தூக்கி நிறுத்தி முதுகில் தட்டினார்கள். படி இறங்கி ஓடினால், கிட்டுசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிறார். கதிர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நிற்கிறார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெயித்த காரைச் சோதனைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். டேல் என்று ஒரு அதிகாரி. பெரிய மீசை, சிரிக்கவே மாட்டார், நேர்மையானவர். எடை பார்த்தார், உயரம் பார்த்தார். கடைசியாக டயரை முகர்ந்து பார்க்கிற ஒரு மெஷினை எடுத்தார். டயரில் ரசாயனம் தடவி மிருதுவாக்கினால் வளைவில் நன்றாக ஒட்டும். அது திருட்டு. மாட்டிக்கொண்டால் ஒரு வருடம் தடை. பின் வலது சக்கரத்தின் உள்பக்கம் மெஷின் போனதும் பீப் பீப் என்று கத்தியது. டேல் குனிந்து மோந்து பார்த்தார். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்கிற ஒரு மருந்து உண்டு, அந்த வாசனை வருகிறது என்றார்.

எலுமிச்சையும் ஆரஞ்சுக்குச் சொந்தம்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டேல் கதிரைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார், எனக்குக் காதில் விழுகிற தூரம்தான். மெஷினில் நம்பர் எல்லைக் கோட்டில் இருக்கிறது. டயரில் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புவார்கள், இரண்டு வாரம் ஆகும். ஒன்றுமில்லை என்றும் வரலாம். அதுவரை வெற்றி உங்களுடையதுதான். நீங்கள் எதுவும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். எதுவும் தடவவில்லை என்றார் கதிர். அந்தக் குரலில் இருந்த நிச்சயம்தான் என்னைக் கொன்றது.

பேசாமல் இருந்திருக்கலாம். லேப் காப்பாற்றியிருக்கும், யார் கண்டது? இரண்டு வாரம் அவர் ஜெயித்தவராகத் தூங்குவார். ஆனால் தப்பாக வந்துவிட்டால் என் புருஷனைத் திருடன் என்பார்கள். கொட்டகைக்குப் பின்னால் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏனுங்க, நான் ஒரு காரியம் பண்ணிப்போட்டனுங்க."

சொன்னேன். நாலு பழம், நாலு டயர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டது ஒன்றுதான்.

"அப்ப மூணாவது வளைவுல கார் அப்படி ஒட்டுச்சே சாந்தி. அது நானா, எலுமிச்சம்பழமா?"

அட பாவி மகளே என்று என்னையே சொல்லிக்கொண்டேன். கோப்பையைப் பறித்தது பெரிதில்லை. தான் ஓட்டினேனா என்ற சந்தேகத்தை அல்லவா அவர் மனசில் போட்டுவிட்டேன்.

அவரே நேராக டேலிடம் போனார். நானும் போய் என் வாயால் சொன்னேன். டேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். ரிம்முக்குள்ளிருந்து கருகிப்போன தோல் துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். வேண்டுமென்று செய்ததில்லை, அதனால் தடை கிடையாது. ஆனால் டயரில் எது இருந்தாலும் தகுதி நீக்கம், விதி அப்படித்தான் என்றார். பிறகு, கேட்காமலே, கதிரின் தோளைத் தொட்டுச் சொன்னார். "டயரில் பட்ட சாறு முதல் ஐந்து சுற்றிலேயே எரிந்து போயிருக்கும். மூன்றாவது வளைவில் நீங்கள் செய்தது நீங்கள் செய்ததுதான்."

கதிர் கோப்பையைச் சிவப்புக் கார்க்காரனிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிட்டுசாமி அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. "எலுமிச்சம்பழத்துக்கா? எங்க கம்பெனில கிரைண்டர் மாத்துனப்ப நானும் வெச்சனே, அதுக்கு எவனும் ஒண்ணும் சொல்லலியே!" என்று டேலிடம் தமிழிலேயே சண்டைக்குப் போனார். அப்புறம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எங்களிடம் வந்தார். "அடுத்த வருசம் பாக்கலாங்க கதிரு" என்றார். அவர் கண் தரையில் இருந்தது. பார்க்கப் போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கதிர்தான் எங்கள் வேனை ஓட்டினார். இரண்டு பக்கமும் பருத்திக் காடு வெள்ளையாக, பிறகு இளஞ்சிவப்பாக ஓடியது. எதுவும் நிஜமாக நடந்த மாதிரியே இல்லை. நான் போனில் வெப்சைட்டின் 'சாதனைகள்' பக்கத்தைத் திறந்தேன். ஓட்டிய ரேஸ் 163 என்று மாற்றினேன்.

"என்ன எடம் போடற?"

"இருபத்தி நாலுங்க. கடைசி." அவர் பக்கம் திரும்பினேன். "எல்லாம் என்னாலதானுங்க. என்னை நாலு வார்த்தை திட்டியாவது தொலைங்களேன்!"

"திட்டி?" என்றார். "பன்னண்டு வருசமா நீ சொல்றதக் கேட்டுத்தான் ஓட்டறன். எனக்குப் பின்னாடி கண்ணு இல்ல, பக்கத்துல கண்ணு இல்ல. நீ காலின்னா காலி. இன்னைக்கு ஒண்ணு சொன்ன பாரு. அதுக்கப்புறம் எனக்கு எதுவுமே கேக்கல சாந்தி. கொடி விழுந்ததுகூடத் தெரியல."

நான் அழுதுகொண்டிருந்தேன். வெற்றி என்ற இடத்தில் சைபர் அப்படியே இருந்தது. சேமித்துவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். அந்தப் பக்கத்தில் இனி மாற்ற எதுவும் இல்லை.

சாலை நேராக, நீளமாக, வெளிச்சம் தீர்ந்துகொண்டிருக்கிற வானம் வரைக்கும் போனது. எதிரிலும் வண்டி இல்லை. கதிர் ஸ்டியரிங்கில் விரலால் இரண்டு தடவை தட்டினார்.

"முன்னாடி யாராச்சும் இருக்காங்களா சாந்தி?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"யாருமே இல்லீங்க" என்றேன்.