பச்சரிசி விரதம்

வெயில் ஏறிய தண்டவாளத்தின் மேல் கார்த்திகேசு அண்ணன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கடல் கடந்து வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் எட்டுப் பேர் ரயில்பாதை வேலை பார்த்துவந்தோம். உச்சிவேளையில் அந்த இரும்பை யாரும் கையால்கூடத் தொடமாட்டோம்.

"என்னண்ணே, தீமிதிக்கு இங்கயே பழகுறீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குடா?" என்று குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பாத ஓரத்தில் தோல் வெந்து கொப்புளித்திருந்தது. அவர் முகத்தில் வலியே இல்லை. அப்போதே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நாங்கள் குடியிருந்த கூலி லயத்தில் ஒழுங்கான மனிதர் என்றால் அவர்தான். ஊரில் அவர் மனைவி பவுனம்மாள் பிரசவத்தில் சாகக் கிடக்கிறாள் என்று கடிதம் வந்த அன்றே முருகனுக்கு நேர்ந்துகொண்டார். கள் இல்லை, மீன் கறி இல்லை, ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் பச்சரிசிச் சோறு மட்டும். புழுங்கலரிசி ஏற்கெனவே ஒருமுறை வெந்த அரிசி, விரதத்துக்கு ஆகாது. பவுனம்மாள் பிழைத்துக்கொண்டாள். மற்றவர்கள் நாற்பத்தெட்டு நாளில் முடித்துவிடும் விரதத்தை அவர் முடிக்கவே இல்லை. எட்டு மாதமாக, நாள் தவறாமல், பளபளவென்று தீட்டிய சயாம் அரிசிச் சோறும் ஊறுகாயும்தான். "உடம்பு லேசா இருக்குடா அய்யாவு. நீயும் ஆரம்பி" என்பார். யாருமில்லாத ஊரில், ஞாயிறானால் கள்ளுக்கடையில் கிடக்கும் எனக்கு அவரைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். தை பிறந்ததும் தொடங்குவதாகச் சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கும் டிரசர் ஸ்டானிஸ்லாஸ் அவர் முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கினார். குழி விழுந்தது. விழுந்தது அப்படியே நின்றது.

"என்ன சாப்பிடுறீங்க?"

அண்ணன் பெருமையாகத்தான் சொன்னார். டிரசர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"வெள்ளை அரிசி மட்டுமா? எட்டு மாசமாவா? இது பெரிபெரி அண்ணே, தீட்டின அரிசியில சத்துப் போயிடுறதால வர்ற நோவு. ஈயச் சுரங்கத்துல எத்தனை சீனனுங்க இதுல போனாங்க தெரியுமா? இன்னைக்கே புழுங்கலுக்கு மாறுங்க, பருப்பு சேத்துக்குங்க. கால் சரியானதும் விட்டுடக் கூடாது, எப்பவும் அதான். இல்லேன்னா அடுத்தது நெஞ்சுதான்." என் பக்கம் திரும்பினார். "நீ என்ன திங்குற?"

"புழுங்கச் சோறு, கருவாடு. ஞாயித்துக்கெழம கள்ளு."

"நீ நல்லா இருக்க லா!"

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. எனக்கே அப்படி என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? திரும்பும் வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். லயத்து வாசலில் நின்றார்.

"நான் சோத்த மாத்துனா அவளுக்கு ஏதாச்சும் ஆயிரும்டா."

"நீங்க போயிட்டா மட்டும் அந்தக்கா நல்லா இருக்குமா?"

"அவள ஒரு வார்த்த கேட்டு எழுதேன்."

"கடுதாசி போய்வர ரெண்டு மாசம்ணே."

அவர் உள்ளே போய்ப் பச்சரிசிதான் களைந்தார். நான்கு நாள் கெஞ்சினேன், திட்டினேன். "கள்ளுக்குடிகாரன் எனக்குப் புத்தி சொல்றான்" என்று சிரித்தார். ஐந்தாம் நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.

நான் வேலைக்குப் போகவில்லை. என் அரிசியைக் குழைய வேகவைத்துப் பாசிப்பருப்பு போட்டுக் கஞ்சியாக்கினேன். புழுங்கலரிசியின் வாடையை எதைப் போட்டும் மறைக்க முடியாது. அந்தச் சின்ன அறை முழுவதும் அதுதான் அடித்தது. கிண்ணத்தை அவர்முன் வைத்தேன்.

"பச்சரிசிதானேடா?"

அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

"ஆமாண்ணே."

என்னையே பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு வேட்டி முனையை எடுத்து, நெற்றியில் இருந்த திருநீற்றை ஒரு துளி மிச்சமில்லாமல் மெதுவாகத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டுக் கிண்ணத்தை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.