கடல் பின்னால் போன வளைவு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்கலையில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் டைட்டஸ், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் குளச்சல் யேசுரத்தினத்தின் வண்டியைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சிரிக்கிறான். அவன் கதையில் யேசுரத்தினம் ஒரு மடையன். மறுத்துச் சொல்லப் போனால் டைட்டஸ் என்னைவிடச் சத்தமாகப் பேசுவான். அதனால் எழுதுகிறேன். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது.

என் பெயர் சத்தியநேசன். குளச்சலிலிருந்து இருபத்தைந்து வருஷம் மீன் லாரி ஓட்டினேன். படிப்பு நாலாம் கிளாஸ். எழுத்துப் பிழை திருத்துவது என் மருமகள் ஜெபகுமாரி. அவள் திருத்துகிறேன் என்று எதையாவது அழகாக்கிவிடுகிறாளா என்று நான் மறுபடி படித்துப் பார்க்கிறேன்.

நீங்கள் டைட்டஸ் மாதிரி ஆளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆகவே ஓர் ஏற்பாடு. நான் பார்த்ததையும், சம்பந்தப்பட்டவர்கள் வாயால் கேட்டதையும் நேராக எழுதுவேன். நானாகக் கட்டியதை அடைப்புக்குறிக்குள் வைப்பேன். அங்கே இருப்பதை நம்பி யாரிடமும் பந்தயம் கட்ட வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: 'மேற்கு வானம் பொன்னை உருக்கி ஊற்றியதுபோல்' — நிறுத்திவிட்டேன். பொன் உருக்கி நான் பார்த்ததில்லை. வண்டியை முதன்முதல் பார்த்த அன்றைக்கு மழை வேறு.

இரண்டாவது தொடக்கம்: 'யேசுரத்தினம் ஒரு விசித்திரமான மனிதர்' — அதுவும் இல்லை. அவரவர் வீட்டில் கேட்டால் எல்லாரும் விசித்திரமான மனிதர்கள்தான்.

இப்படித் தொடங்குகிறேன். 1948. மலையடிவாரத்து ரப்பர் எஸ்டேட் துரை ஊருக்குக் கப்பலேறப் போகிறார். தன் காரைக் கப்பலில் ஏற்றும் செலவு அவருக்குக் கட்டுபடியாகவில்லை. யேசுரத்தினம் அப்போது குளச்சலில் சுறா எண்ணெய் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார். வாலிபத்தில் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போனவர். சண்டைக் காலத்தில் சுறா எண்ணெய்க்கு வந்த கிராக்கியில் கையில் நாலு காசு சேர்ந்திருந்தது. துரையின் பழைய மேசை நாற்காலியை வாங்கலாம் என்று என் லாரியில் ஏறி எஸ்டேட்டுக்கு வந்தார். மேசை நாற்காலியை அவர் பார்க்கவேயில்லை.

கொட்டகையில் அது நின்றது. சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. பாதி வண்டி மூக்குத்தான், அவ்வளவு நீளம். சக்கரங்களில் சைக்கிள் மாதிரிக் கம்பிகள். முன்கண்ணாடியை மடித்துப் படுக்கவைத்துவிட்டுக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று துரை காட்டினார். எதற்கு அப்படிப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்தார். தினமும் ஓர் எஞ்சினைத் திட்டிக்கொண்டே பிழைப்பவன் நான். அன்றைக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஏன் அவிழ்த்தேன் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன்.

துரை ஒரு வாரம் எஸ்டேட் சாலையில் ஓட்டப் பழக்கினார். எட்டாம் நாள் யேசுரத்தினம் அதைக் குளச்சலுக்கு ஓட்டி வந்தார்.

(வண்டியின் கம்பெனிப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இப்போது அது என்ன விலை போகும் என்று யாராவது விசாரிப்பீர்கள். இது நான் கட்டியதில்லை, ஆனாலும் அடைப்புக்குறிக்குள் வந்துவிட்டது. கிடக்கட்டும்.)

3

மறுநாளே டைட்டஸ் பார்க்க வந்தான். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினான்.

"ஓய், இதை ஓட்டி நாசமாக்கிராதயும். இது மாதிரி வண்டி இனி இந்தப் பக்கம் வராது கேட்டீரா. பூட்டி வையும். வருசம் போகப் போக விலை ஏறும்."

"வண்டி ஓடுறதுக்காக்கும்லா டைட்டசு?"

"நகை போடுறதுக்காக்கும். அதுக்காவ மீன் சந்தைக்குப் போட்டுக்கிட்டா போவாவ?"

யேசுரத்தினத்தின் மனைவி வியாகுலம்மாள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். காதில் பாம்படம் ஆடியது. "நான் போட்டுக்கிட்டுத்தான் போறேன். கழத்திப் பெட்டியில வச்சா எலியா பாக்கும்?" என்றாள்.

டைட்டஸ் சிரித்தான். யேசுரத்தினமும் சிரித்தார். ஆனால் கேட்டது டைட்டஸின் பேச்சைத்தான். எண்ணெய் காய்ச்சும் கொட்டகையில் பனந்தடிகளை அடுக்கி, வண்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். நாலு சக்கரமும் அந்தரத்தில் நின்றன.

குளச்சலில் இரும்பு படும் பாடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். புது ஆணி ஒரு மழைக்காலம் தாங்காது. உப்புக் காற்று படாமல் கிரீஸ் பூசி வை என்றான் டைட்டஸ். யேசுரத்தினத்துக்கு அவன் கிரீஸ் எதற்கு? வள்ளத்தின் பலகையை எது காப்பாற்றுகிறதோ அது இரும்பையும் காப்பாற்றும் என்று முடிவு செய்தார். மூக்கு முதல் வால் வரை சுறா எண்ணெய் பூசினார். ஒரு தரம் இல்லை. ஏழு வருஷம், மாதம் ஒரு தரம்.

ஊர்ப் பூனைகளெல்லாம் அந்தக் கொட்டகைக்குக் குடிவந்தன. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் தீர்த்தத்தைத் தூரத்தில் நின்றே தெளித்துவிட்டுப் போனார். டைட்டஸின் கதையில் இதுதான் பெரிய சிரிப்பு. அவன் சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன். ஏழு வருஷம் கழித்து நான் ஒரு மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. துணி போன தடத்தில் அந்தச் சிவப்பு, அறுத்த சூரை மீன் மாதிரி, ஈரமாக எழுந்து வந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு யேசுரத்தினத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. ஓட்டாத வண்டியைச் சனிக்கிழமைதோறும் ஏன் கைப்பிடி போட்டு இருபது சுற்றுச் சுற்ற வேண்டும்? சுற்றாவிட்டால் எஞ்சின் இறுகிவிடும், சரி. சுற்றி முடித்தபிறகு ஏன் உள்ளே ஏறி அரைமணி நேரம் உட்கார வேண்டும்? கேட்டேன்.

"கரையில ஏத்தி வச்ச வள்ளத்துல ஏறி இருந்தா ஒரு இது உண்டும்லா. அதுதான்" என்றார்.

அந்த 'இது' என்ன என்று நான் கேட்கவில்லை. (எனக்குத் தோன்றுவது: சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது எங்கே வேண்டுமானாலும் போகலாம். தரையில் வைத்தால் ஒரே ஒரு சாலைதான்.) ஜெபகுமாரி இந்த வரி நன்றாயிருக்கிறது என்கிறாள். அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

பிறகு இரண்டு காரியம் நடந்தது. சத்துக்கு எண்ணெய் குடிக்க வேண்டாம் என்று வெளிநாட்டு மாத்திரை வந்து, சுறா எண்ணெய் வியாபாரம் படுத்தது. கொட்டகையில் அடுப்பு எரியாமல் போயிற்று. அடுத்து, யேசுரத்தினத்தின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. புரை முற்றட்டும், பிறகு அறுக்கலாம் என்றார் டாக்டர். முற்றுகிறவரை மனிதன் என்ன பார்ப்பான் என்று டாக்டர் சொல்லவில்லை. அறுத்தாலும் பார்வை திரும்பும் என்று அவர் கையடித்துத் தரவுமில்லை.

டைட்டஸ் சொன்னது பலித்தது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் அதுதான் உண்மை. வெளிநாட்டு வண்டி இறக்குமதி நின்றுபோனது, விலை ஏறியது. 1955-இல் கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவரின் மகன் டைட்டஸ் மூலம் கடிதம் எழுதினான். வாங்கிக்கொள்கிறேன், ஆனால் வண்டி இதுவரை ஓடியது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு மைல் என்று டைட்டஸ் எழுதியிருக்கிறார், அந்த எண் அப்படியே இருக்க வேண்டும் என்று. ஓட்டம் குறைந்த வண்டிக்குத்தான் அந்த விலை. திங்கட்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தான்.

பிள்ளைகள் இல்லாத இருவருக்கும் மிச்சக் காலத்துக்குக் கஞ்சி அந்த விலையில்தான் இருந்தது. வேறு எதிலும் இல்லை.

5

சனிக்கிழமை யேசுரத்தினம் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன்.

"மக்கா, ஒரு பாட்டரி கொண்டு வரணும். ரெண்டு காலன் பெட்ரோலும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஒரு லாரிக்காரன் கேக்கான் பாரு."

"கண்ணு தெரியாம எங்ஙன ஓட்டுவீரு? என்னைக் களியாக்குதீரா?"

"வெளிச்சம் தெரியுது. ரோடு வெள்ளையாத் தெரியுது. மிச்சத்தை நீ பக்கத்துல இருந்து சொல்லு."

வியாகுலம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தடுப்பாள் என்று நினைத்தேன். "வளைவு வரைக்கும்தான்" என்றாள். "மணவாளக்குறிச்சி தாண்டி ரோடு கடலை விட்டுத் திரும்புகுல்லா, அந்த வளைவு. அதுல திருப்பீரணும். போவ வர அஞ்சாறு மைலு. அதுக்கு வெலையில கொறையிறதைக் கொறைச்சிட்டுப் போட்டும்."

கணக்குப் போட்டுத்தான் சொன்னாள். மீன் ஏலத்தில் அவளை ஏமாற்றியவன் இல்லை. எழுத்துத் தெரியாது, எண் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து, வண்டியைப் பனந்தடியிலிருந்து இறக்கி, கருவாடு காயப்போடும் வெளியில் முதலில் ஒத்திகை பார்த்தோம். எஞ்சின் பிடித்தது. ஒட்டியிருந்த சுறா எண்ணெய் சூடேறிப் புகைந்தது. எல்லாப் பூனைகளும் எழுந்து நின்றன. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இடது, இடது, வலது" என்றேன். யேசுரத்தினம் ஒவ்வொரு தரமும் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியில் யாரோ பரப்பியிருந்த வாளைக் கருவாட்டின்மேல் ஏறி இறங்கினோம்.

"எறங்கும்வே" என்றாள் வியாகுலம்மாள் என்னிடம். "அவருக்கு இடதும் வலதும் எங்க தெரியும்? நாப்பது வருசம் கடலும் கரையுமா இருந்த ஆளு."

வாலிபத்தில் அவர் வள்ளம் கரை பிடிக்கும்போது, அலை எங்கே உடைகிறது, எந்த இடைவெளியில் நுழையலாம் என்று மணலில் நின்று கத்திச் சொன்னவள் அவள்தானாம். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும். ஏறி உட்கார்ந்தாள். "கரைக்கு வாங்கும்" என்றாள். கடலை வலப்பக்கம் வைத்து நின்ற வண்டி உடனே இடப்பக்கம் வந்தது. "கடலுக்குக் கொடும்." வலப்பக்கம் போனது. யோசனையே இல்லை.

இரண்டு பேர் வண்டி. எனக்கு இடமில்லை.

6

முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு நான் சைக்கிளில் வளைவுக்குப் போனேன். திருப்ப ஒரு கை உதவும் என்று எண்ணம். ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் தென்னை. சாலை வடக்கே திரும்பும் இடம்.

(கிளம்பியவுடன் அவர் முன்கண்ணாடியை மடித்திருப்பார். கடல் அவருடைய பக்கத்தில் வந்துகொண்டேயிருந்திருக்கும். பார்க்க முடியாது. சத்தம் கேட்கும், உப்பு முகத்தில் படும். ஏழு வருஷம் அந்தரத்தில் நின்ற சக்கரம் இப்போது மண்ணைத் தொட்டு)

இதை மூடிவிடுகிறேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் சத்தம் வந்தது. என் லாரிச் சத்தம் வசவு மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. ஒரே மூச்சில் பெரிய துணியைக் கிழித்துக்கொண்டே வருவது மாதிரி. பிறகு தென்னைகளுக்கு நடுவே சிவப்பு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. வயலில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். பூசைக்கு உடுத்த சேலையோடு ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, "கரைக்கு, கரைக்கு, போதும், நேரே" என்று கூவிக்கொண்டு வந்தாள். பாம்படம் இரண்டும் காற்றில் பின்னால் பறந்தன. அவர் சாலையையே பார்க்கவில்லை. காதை அவள் பக்கம் கொடுத்து, வாயைத் திறந்து வைத்திருந்தார். பச்சைப் பிள்ளை மழையைப் பார்க்கிற முகம். நான் மறுபடியும் தலைத்துண்டை அவிழ்த்தேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். மைல் எண் ஓடும் கண்ணாடி அந்த வண்டியில் ஓட்டுகிறவர் முன்னால் இல்லை, பக்கத்தில் இருப்பவர் முன்னால். அதன்மேல் அவள் பூசைக்குப் போடும் முக்காட்டுத் துணியைப் போட்டுக் கட்டியிருந்தாள்.

அதனால் என்ன வேகத்தில் வந்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது.

"கரைக்கு வாங்கும், நல்லா வாங்கும்" என்றாள். வளைவில் திரும்பினார்கள். நான் கை தூக்கினேன். வண்டி நிற்காமல் குளத்துப் பக்கம் சரிந்தது. "கடலுக்கு" என்றாள். அவர் கை அசையவில்லை. "கடலுக்குக் கொடும்" என்றாள் மறுபடி. பிரேக் போட்டார். சக்கரம் குளக்கரைப் புல்லில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.

"கடலு எங்கட்டி?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "பொறத்தால போச்சு."

"வளைவு வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"அப்போ திருப்பவா?"

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், துணி கட்டிய கண்ணாடியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் அதிக நேரம் பார்த்தாள்.

"இனி எம் பக்கம்னா இங்ஙன" என்று அவர் இடது தோளைத் தட்டினாள். "உம்ம பக்கம்னா அங்ஙன. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

"அப்போ உம்ம பக்கம் கொஞ்சம் வாங்கிட்டுப் போவும். இந்தப் பக்கம் கொளம் கெடக்கு."

போனார்கள். வடக்கே, திங்கள்சந்தைப் பக்கம். நான் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றேன்.

7

ஜெபகுமாரி முடிவு கேட்கிறாள். கதை என்றால் முடிவு வேண்டுமாம்.

டைட்டஸின் முடிவு: திங்கட்கிழமை கோயம்புத்தூர்க்காரன் வந்தான், மோந்து பார்த்தான், எண்ணைப் பார்த்தான், சிரித்துவிட்டுப் போனான். கோவில் வாசலில் சொல்லும் முடிவு: வந்தவன் கதையைக் கேட்டுக் கண்கலங்கி, சொன்னதைவிட அதிகம் கொடுத்தான். இரண்டில் ஒன்று பொய். இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

சொன்னால் நீங்கள் விலை போடுவீர்கள். விற்றது என்றால் கெட்டிக்காரர், விற்கவில்லை என்றால் மடையர் என்பீர்கள். இத்தனை வருஷமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் விலையைத்தான் கேட்கிறார்கள். எண் தெரிந்த அந்தப் பெண் ஏன் எண்ணை மூடினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வளைவுக்கு அப்பால் நான் பார்க்கவில்லை. ஆகவே ஏற்பாட்டின்படி அடைப்புக்குறியைத் திறக்கிறேன். மூடுவது உங்கள் வேலை. அவசரம் ஒன்றும் இல்லை, பெட்ரோல் இருந்தது.

(கடல் சத்தம் நின்றுபோன பிறகு சாலை இருபுறமும் வயல். யேசுரத்தினத்துக்கு ஒரே பச்சை வெளிச்சம். "எம் பக்கம்" என்றாள் வியாகுலம்மாள். வந்தார். "உம்ம பக்கம்" என்றாள். போனார். "இப்போ?" என்று கேட்டார். அவள் முன்னால் நீளமாகப் பார்த்துவிட்டு,