இரண்டு பஸ் சனமும் ஒரு இடக்கைக்காரனும்

பேஸ்போல் எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காவிட்டாலும் மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற லொங்குய்யில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் அறையில் கோடைதோறும் ஒரு பேஸ்போல்காரன் குடியிருப்பான். எங்கள் ஊர் அணி பெரிய கழகம் எதற்கும் சொந்தமில்லாதது. தனி லீக், தனிப் பாடு. அவர்கள் கொடுக்கும் சம்பளத்தில் வாடகை கட்ட முடியாது. அதனால் ஊர்க் குடும்பங்கள்தான் விளையாட்டுக்காரருக்கு அறையும் சாப்பாடும் கொடுத்து வைத்திருப்பது வழக்கம். பங்குச் சுவாமியார் பூசை முடிவில் "யாராவது?" என்று கேட்டார். இந்த றோசாவின் கைதான் முந்திக்கொண்டு உயர்ந்தது.

ஐந்து கோடை சமைத்துப் போட்டதில் ஆட்களின் ரகம் எனக்கு அத்துப்படி. பெரிய கழகம் எடுத்துப் பார்த்து, சரிவராதென்று அனுப்பிவிட்ட பெடியன்கள் இருக்கிறார்கள். திரும்பக் கூப்பிடுவார்களென்று சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அரைவயிறு சாப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் வெட்டி விழுத்தியும் ஒருவரும் எடுக்காதவர்கள் வேறு. அதுகளுக்கு நல்ல மரியாதை, நல்ல பசி, சட்டி வழித்துத்தான் எழும்பும். மேலே, பெரிய லீக்குக்குப் போய் நாலு நாள் நின்றுவிட்டு விழுந்து, எப்படியும் திரும்ப ஏறுவேன் என்று நிற்கிற வயதானவர்களும் உண்டு. கடைசி ரகம் உள்ளூர்ப் பெடியன். வருசத்துக்கு ஒருவன். அவனுடைய மாமி மச்சாள் எல்லாரும் டிக்கெட் எடுப்பார்கள். ஆட்டம் தோற்பது நிச்சயமான பிறகு அவனைக் கொஞ்சம் இறக்குவார்கள், ஆடி மாதம் அனுப்பிவிடுவார்கள். விளையாட்டுக்காரர்கள் அவனைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

2006ஆம் ஆண்டு, மொன்றியலின் பெரிய அணி மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போன பிறகு வந்த இரண்டாவது கோடையில், என் தம்பி நிஷான் இந்த அணியின் தேர்வுக்கு வந்தான். கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு, மெற்றோவில் ஆற்றைக் கடந்து தினமும் வந்து பந்தெறிந்தான். பூங்காவில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்த இடக்கை. பன்னிரண்டு வயதில் மன்னாரிலிருந்து வந்தவன், பிடிவாதத்தைப் பொதியில் கட்டிக்கொண்டு வந்தவன்.

அணியில் இடக்கை எறிகாரனுக்கு இருந்தது ஒரே ஒரு இடம். அதற்குப் போட்டி என் பேஸ்மென்ட்காரன் ரசல்! முப்பத்தைந்து வயது, முழங்கை வெட்டித் தைத்த ஆள், ஒருகாலத்தில் இரண்டு கிழமை மேலே விளையாடியவர். சம்பலைத் தின்றுவிட்டுக் கண்ணீர் வடிய "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிற மனிதர். மாதாவே, நான் யாருக்காக மன்றாடுவது? தம்பிக்காகத்தான் மன்றாடினேன். ரசலுக்குக் கூடக் கொஞ்சம் சம்பல் வைத்தேன்.

கடைசிப் பயிற்சி ஆட்டம் ஞாயிறு. பூசை முடிந்த கையோடு இரண்டு பஸ் பிடித்துச் சனத்தை ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் கோயில் சனத்துக்கு எப்போதும் பஸ் ஒழுங்கு பண்ணித் தருகிற அருமைராசா அண்ணை பெட்டி நிறைய மீன் றோல்ஸ் கொண்டுவந்தார்.

நிஷான் நன்றாகத்தான் எறிந்தான். இரண்டு பேரை வெளியேற்றினான். எதிரணியில் ஒருவன் மூன்றாம் மூலையில், 'வீடு' என்கிற அடிக்கிற இடத்துக்கு ஓடி ஓட்டம் எடுக்க ஆயத்தமாக நின்றான். நிஷான் கையைத் தூக்கி எறியப் போகிற நேரம் பார்த்து, அடிக்கிறவனுக்கு நேர் பின்னால் சனம் இருந்த வரிசையில் அருமைராசா அண்ணை றோல்ஸ் பெட்டியோடு எழும்பி நடந்தார். நிஷான் பாதியில் நிறுத்தி, "இருங்கோ அண்ணை" என்று கையைக் காட்டினான்.

கிரிக்கெட்டில் அதற்கென்ன? பந்துவீசுகிறவன் திரும்பிப் போய் மறுபடி ஓடி வருவான், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பேஸ்போலில் எறியத் தொடங்கினால் எறிந்தே ஆகவேண்டுமாம், பாதியில் நிறுத்தினால் குற்றமாம். அம்பயர் மூன்றாம் மூலையில் நின்றவனை வீட்டுக்குப் போகச் சொன்னார். சும்மா ஒரு ஓட்டம்! இரண்டு பஸ் சனமும் எழும்பிக் கத்தியது. "கள்ள அம்பயர்! பந்தை விடவே இல்லையே, அதுக்கென்னெண்டு ஓட்டம்?" அதிகம் கத்தியது நான்தான். எங்களில் யார் எறிந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

அந்த ஒரு ஓட்டத்தால் தோற்றோம். நிஷானுக்குப் பிறகு எறிய இறங்கிய ரசல் ஒரு பிழையும் விடவில்லை.

ஆட்டம் முடிய மனேஜர் லூக் வேலிப் பக்கம் வந்தார். நான் நிஷானோடு நின்றேன்.

"நீ அணியில் இருக்கிறாய். ரசலுக்கு இடமில்லையென்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்" என்றார், பிரெஞ்சில்.

எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. "மெர்சி, மெர்சி" என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். நிஷான் அசையவில்லை.

"நான் ரசலைவிட நல்லா எறிஞ்சனா?" என்று கேட்டான்.

"இல்லை."

"அப்ப ஏன்?"

லூக் பஸ்களைப் பார்த்துச் சிரித்தார். "ஒவ்வொருவனும் ஏதோ ஒன்றைக் கொண்டு வருகிறான்."

நிஷானுடைய முகம் கறுத்தது. "நாளைக்கு வெளியூர் ஆட்டங்களுக்குப் போறீங்கள். விரல் உடைஞ்ச, பந்து பிடிக்கிற கச்சரின்ரை இடம் சும்மாதானே கிடக்கு. எங்கள் ரெண்டு பேரையும் கொண்டு போங்கோ. அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது. எறியிறதைப் பார்த்து ஒருத்தனை வைச்சிருங்கோ."

"எடேய், உனக்கென்ன விசரே?" என்று தமிழில் பாய்ந்தேன். "கையிலை தந்ததை ஆரும் திருப்பிக் குடுப்பினமே?"

"சனத்துக்காக என்னை வைச்சிருந்தா, ஆடி மாசம் அனுப்பிப்போடுவாங்கள் அக்கா. பேந்து ஒரு டீமும் என்னைத் திரும்பிப் பாக்காது. நீங்கள்தானே அந்த ரகத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறனீங்கள்?"

லூக் நாடியைத் தடவினார். பிறகு அவனை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். "மதாம், நான் இவனை நிறுத்திவிட்டால், இந்த ஊரில் நடக்கிற தொடக்க ஆட்டத்துக்கு அந்த பஸ்கள் வருமா?"

வராது என்று ஒரு சொல் சொன்னால் போதும், தம்பிக்கு இடம் நிச்சயம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிஷான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கெஞ்சினால் திட்டிவிடலாம், அவன் கெஞ்சவுமில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"வரும்" என்றேன். "இவன் இருந்தாலும் வரும், இல்லாட்டிலும் வரும். இவனை எறிய விடுங்கோ."

அடுத்த நாள் விடிய அணியின் வான் வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டேன். இரண்டு பேருக்கும் இடியப்பப் பார்சல் கட்டிக் கொடுத்தேன். ரசல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நிஷான் "போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னான்.

பிறகு ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது.

"அக்கா, என்னை விட்டிட்டினம். ரசல்தான் நிக்கிறார்."

நான் நாற்காலியில் இருந்துவிட்டேன். "நல்லா எறிஞ்சனியா?"

"ஓம். அவர் என்னைவிட நல்லா எறிஞ்சார்" என்றான். "மனிற்றோபாவிலை ஒரு டீமுக்கு இடக்கைக்காரன் வேணுமாம். லூக்தான் போன் பண்ணி என்னைப் பற்றிச் சொன்னவர். எறியத் தெரிஞ்சவன், கூப்பிட்டுப் பாருங்கோ எண்டு. பஸ்ஸிலை இருந்துதான் கதைக்கிறன், போய்க்கொண்டிருக்கிறன்."

"எறியத் தெரிஞ்சவன் எண்டு சொன்னவரே?"

"ஓம் அக்கா."

"அப்ப போ" என்றேன். "சாப்பிட்டியோ?"

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, தொடக்க ஆட்டத்துக்கு இரண்டு பஸ் வேண்டுமென்று அருமைராசா அண்ணைக்குச் சொன்னேன்.

"பெடியன் இல்லையெண்டா ஆர் பிள்ளை வருவினம்?" என்றார் அவர்.

"ஆர் வராட்டியும் நீங்கள் வாறியள் அண்ணை" என்றேன். "வந்து, எழும்பாமல் இருக்கிறியள்."