இருவருக்கு ஒரு ஜோடி ஷூ

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே துணிக்கடையில் வேலை. காலையில் அண்ணி, மதியத்துக்கு மேல் நாத்தனார். கடையில் கறுப்பு ஷூ கட்டாயம். ஒரு நேரத்தில் ஒருத்திதானே நிற்கப்போகிறாள், எதற்கு இரண்டு ஜோடி என்று இருவரும் மூளையைக் கசக்கி ஒரே ஜோடி வாங்கினார்கள். அண்ணிக்கு எட்டாம் அளவு, நாத்தனாருக்கு ஆறு. யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று ஏழு! சண்டைக்கு வேண்டுமானால் அப்படி நடுவில் தீர்ப்புச் சொல்லலாம். காலுக்குச் சொல்ல முடியுமா?

அண்ணியின் சுண்டுவிரலில் கால் ஆணி வந்தது. நடந்தால் உயிர் போய் உயிர் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பிளேடால் சீவினாள். ரத்தம்தான் மிச்சம், ஆணி முன்னைவிடக் கெட்டியாக வளர்ந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "கஸ்டமர் முன்னாடி இப்படி நொண்டினா எப்படிம்மா? இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா குடோன்ல உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டுங்க."

வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் பேசிப் பேசியே வாங்க வைக்கிறவள் அண்ணி. அவளைக் கொண்டுபோய் அட்டைப்பெட்டிகளோடு அடைத்தால் யாரிடம் பேசுவாள்?

விடுமுறை நாளில் நாத்தனார் அவளைப் பிடித்த பிடியில் டாக்டரிடம் இழுத்துப்போனாள். முன்யோசனையாக ஷூவையும் பையில் போட்டுக்கொண்டாள்.

"பிளேடா வச்சீங்க?" டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதுக்கு வேரெல்லாம் கிடையாதும்மா. ஒரே இடத்துல அழுத்தம் விழுந்தா தோல் தடிச்சுப்போகும். அழுத்தம் இருக்கிற வரைக்கும், சீவச் சீவ வரும்."

ஷூவை வாங்கி அண்ணியின் பாதத்தோடு வைத்துப் பார்த்தார். பாதம் இருபுறமும் வெளியே பிதுங்கியது.

"இது உங்களுதே இல்லையே!"

நாத்தனார் முகம் வெளுத்தது. மெல்லத் தன் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டினாள். அங்கேயும் ஒரு ஆணி.

"எனக்கு லூசு டாக்டர். உள்ளே வழுக்கி வழுக்கி உரசுது."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" அண்ணி பதறினாள்.

"உங்களுக்குச் சரியா இருக்குன்னு நினைச்சேன் அண்ணி."

"நான் உனக்குச் சரியா இருக்குன்னுல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

டாக்டரம்மா சிரித்தே விட்டார். இரண்டு பேருக்கும் வலிக்காமல் தடித்த தோலைச் செதுக்கி, மெத்தென்ற பட்டை வைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கல்லால் மெதுவாகத் தேய்க்கவேண்டும், கிரீம் தடவவேண்டும், விரல்கள் அசைய இடமுள்ள ஷூ போடவேண்டும் என்றார். "சாயங்காலமாப் போய் வாங்குங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஆளுக்கு ஒண்ணு! பிளேடைத் தொட்டா இங்க வராதீங்க."

அன்று சாயங்காலமே வாங்கினார்கள். கடைக்காரன் நீட்டிய முதல் ஜோடியை அண்ணி போட்டுப் பார்த்து, "கடிக்குது, வேணாம்" என்றாள். இரண்டாவதையும் வேண்டாமென்றாள். அவளுக்கே அது புதுசாக இருந்தது.

மாதக் கடைசியில் அண்ணி ஒரு குடும்பத்தையே மாடிக்கும் கீழுக்குமாக அழைத்துப்போய்ப் பை நிறைய வாங்கவைத்ததை மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். "குடோனுக்கு வேற ஆளைப் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் வேலைக்கு வந்த நாத்தனாரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நிஜத்தைச் சொல்லுங்க. எனக்காக வேற எதையெல்லாம் பொறுத்துக்கிட்டு இருக்கீங்க?"

அண்ணி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"நீ போடுற டீ."