பதினேழாம் எண் கையெழுத்து

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் சொன்னால் உத்தி என்று நினைப்பீர்கள்.

என் அக்காவின் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி, அவள் கேட்காமலேயே அவள் பெயரில் ஒரு கிரெடிட் கார்டைத் திறந்தது. எனக்கும் ஏறக்குறைய அப்படி ஒன்று நடந்திருக்கிறது. அக்காவுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அது ஏன் என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள், என்னைப் பற்றி எழுத வேண்டியதையெல்லாம் அக்காவின் தலையில் கட்டத் தொடங்கியிருந்தேன்.

(எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்லவில்லை. இப்போதைக்கு இது அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.)

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

'அந்த உறை வந்த நாளில் வானம் மூடியிருந்தது.' வானம் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.

'இன்றைய வாழ்வில் சம்மதம் என்பது' இதற்கு மேல் எழுத எனக்கே கொட்டாவி வந்தது.

'அவள் அழுதாள்.' இதை அடிக்கவில்லை. சின்னதாக, கச்சிதமாக இருந்தது. இதனால் எனக்கு வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அக்காவின் வேலையைச் சொல்ல வேண்டும். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து முடிந்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். காலரை இழுத்துப் பார்த்து, தோள் தையலைக் கட்டை விரலால் தடவி, கையை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்ப்பாள். தையல் விட்டிருந்தாலும், எண்ணெய்க் கறை இருந்தாலும், டேமேஜ் என்று அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். நன்றாக இருந்தால் தன் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவாள். வாங்கியவர் எங்கிருந்தோ பொத்தான் இல்லை என்று புகார் செய்தால், அந்த எண்ணை வைத்துத்தான் யார் பார்த்த சட்டை என்று தேடுவார்கள்.

அதனால் அங்கே எதில் கையெழுத்துப் போட்டாலும் கீழே எண்ணையும் எழுதியாக வேண்டும். கை பழகிப் போய்விட்டது. மகளின் மதிப்பெண் அட்டையில்கூட அக்கா கையெழுத்துக்குக் கீழே 17 என்று எழுதி, "இது என்னங்க, வயசா?" என்று டீச்சர் கேட்டாராம். எட்டு வருடங்களுக்கு முன் சம்பளக் கணக்கு தொடங்கியபோது வங்கியிலும் அப்படியே போட்டாள். கையெழுத்து, கீழே 17.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள், லாரி வாசலில் நிற்கிறது என்ற அவசரத்தில், சூப்பர்வைசர் அக்காவின் ஸ்டிக்கர் சுருளை எடுத்து அவள் பார்க்காத சட்டைகளில் ஒட்டிப் பெட்டி கட்டிவிட்டார். அக்கா எல்லாப் பெட்டிகளையும் பிரிக்க வைத்தாள். "நான் தொடாத துணிமேல என் நம்பர் போகாது சார்." லாரி அன்று காலியாகப் போனது. அடுத்த வாரம் அக்காவைக் கழிவறைப் பக்கம் இருக்கும் கடைசி லைனுக்கு மாற்றினார்கள். புது எண் 41. அன்றிலிருந்து அவள் கையெழுத்துக்குக் கீழே 41தான்.

3

உறை வந்தது. உள்ளே கார்டு. அக்கா அதைத் தொடாமல் உறையோடு அலமாரியில் வைத்தாள். அடுத்த மாதச் சம்பளத்தில் ஆண்டுக் கட்டணம் என்று ஒரு தொகை பிடித்திருந்தார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனாள்.

வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது அவளுக்குள் ஏதோ

(நிறுத்துகிறேன். அவளுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. பேச்சை மட்டும் அவள் சொன்னபடி எழுதுகிறேன்.)

அதிகாரி கார்டுக்கான விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. அடியில் அக்காவின் கையெழுத்து. அதற்குக் கீழே 17.

"இது உங்க கையெழுத்துதானே மேடம்?"

"என்னோடதுதான்."

"அப்புறம் என்ன?"

"ஆனா நான் போடல."

"எங்க ரெக்கார்டுல இருக்கறதோட அப்படியே பொருந்துதே."

"பொருந்தாம? அங்கேருந்துதானே எடுத்திருக்கீங்க. ஒரே ஆள் தைச்சாலும் சட்டைக்குச் சட்டை தையல் கொஞ்சம் முன்னபின்னதான் சார் இருக்கும். ரெண்டு சட்டை நூல் பிசகாம ஒண்ணா இருந்தா அது ரெண்டு சட்டை இல்ல. ஒரே சட்டையை ரெண்டு போட்டோ எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். அதுவும் இல்லாம, மூணு வருஷமா நான் நாப்பத்தொண்ணு. நாலு மாசம் முன்னாடி பதினேழுன்னு நான் எதுக்கு எழுதப் போறேன்?"

அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்தார். அக்கா கொடுத்திருந்த புகார்க் கடிதத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"புகார்ல 41னு போட்டிருக்கீங்க. அது எங்க ரெக்கார்டோட பொருந்தல. அதனால இந்தப் புகாரை ஏத்துக்க முடியாது மேடம்."*

* வாசகர் இங்கே சிரிக்கலாம். அக்கா சொன்னபோது நானும் சிரித்தேன். "உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்றாள். பிறகு சிரிக்கவில்லை.

ஆனால் ஒரு உதவி செய்யலாம் என்றார். கார்டை மூடிவிடலாம், பிடித்த பணத்தையும் திருப்பிவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். படிவத்தின் முதல் வரி: 'எனது வேண்டுகோளின்படி வழங்கப்பட்ட அட்டையை எனது விருப்பத்தின் பேரில் முடித்துக்கொள்கிறேன்.'

"ஒரே வரியில ரெண்டு டேமேஜ்," என்றாள் அக்கா.

"எல்லாருக்கும் இதே ஃபார்ம்தான் மேடம். ஆனா பழைய மாதிரியே, கீழ 17னு போட்டுடுங்க. இல்லேன்னா சிஸ்டம் எடுத்துக்காது."

"அதாவது, என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்தாப் போடணும்?"

படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

4

இதையெல்லாம் கேட்டுக்கொண்ட நான் எழுதியது என்ன தெரியுமா? அந்தப் பெண் வங்கி நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறாள். அதிகாரி விரலில் இரண்டு மோதிரங்கள், தலையில் சாயம். அவர் சிரிக்கும்போது ஒரு பல் மட்டும் தனியாகத் தெரிகிறது. அந்தப் பல்லுக்கு ஒரு பத்தியே செலவழித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மேசையில் இருந்த தாள்கள் அவள் மடியில் இருந்தன. கைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு அம்புகள்.

"யாருடி இவ?"

"யாருக்கா?"

"இந்தப் பொம்பள. உட்கார்ந்து மூக்கைச் சிந்தறாளே. நான் எப்ப அழுதேன்?"

"கதைக்காகக்கா. படிக்கிறவங்களுக்கு மனசுல பதியணுமே."

"அவரும் சிஸ்டத்துக்காகன்னுதான் சொன்னார்."

நான் காபியை வைத்தேன்.

"இந்த மோதிரம் எங்கேருந்து வந்துச்சு? அவர் கையில ஒண்ணுமே இல்ல. தன்மையாப் பேசினார். தண்ணி குடுத்தார். 'டார்கெட் குடுத்து நெருக்கறாங்கம்மா'ன்னு சொன்னார். தன்மையான ஆளு போட்டாலும் ஓட்டை ஓட்டைதான். அதை விட்டுட்டு அவர் பல்லை எதுக்குடி நோண்டறே?"

அக்காவிடம் சொல்லவில்லை என்று அடைப்புக்குறிக்குள் நான் போட்டிருந்த வாக்கியத்தின் மேலும் ஓர் அம்பு இருந்தது. அதைப் பற்றி மட்டும் அவள் உடனே பேசவில்லை. காபியைக் குடித்து முடித்தாள்.

"என் பேர்ல ஒருத்தியைத் திறந்து வெச்சிருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். வங்கிக்கும் அந்த பயம்தான் இருந்திருக்க வேண்டும்.

"இப்ப கேக்கறேன்க்கா."

"எழுது. அழுகையை எடு. பல்லை எடு. கடைசியை மட்டும் நான் சொல்லாம எழுதாதே."

5

அழுகையை எடுத்துவிட்டேன். எடுத்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. அங்கே முதலில் இருக்க வேண்டியது நான்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் என் கார்டை, நான் கேட்காமலேயே, கட்டணம் அதிகமான வேறு வகைக்கு மாற்றினார்கள். வாழ்த்துகள் என்று ஒரு கடிதம் வந்தது. 'தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும்' என்று அதில் இருந்தது. ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டேன். இசை ஓடியது. வைத்துவிட்டேன். அன்றிலிருந்து வருடா வருடம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நேரமில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிட அசிங்கமானது. 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல்லைப் படித்தபோது என் மனம் கொஞ்சம் குளிர்ந்தது. யாரோ என்னைக் கவனித்திருக்கிறார்கள் என்று பட்டது. என் பையில் கைவிட்டவனிடம் நான் உள்ளூர நன்றியோடு இருந்திருக்கிறேன்.

அதனால்தான் அக்கா அழ வேண்டியிருந்தது. அவள் கோபம் முழு உயரத்தில் நின்றால், பக்கத்தில் என் மௌனம் எந்த அளவில் தெரியும் என்று எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்காரவைத்து அவளைக் குள்ளமாக்கினேன்.

இந்தப் பத்தியை அக்கா படித்தாள். அம்பு ஒட்டவில்லை. "உன்னோடதுக்கு எப்பப் போகப் போறே?" என்று மட்டும் கேட்டாள்.

6

முடிவுகள்.

முதல் முடிவில் அக்கா கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். இதற்கு ஆதரவாளர் அத்தான். அக்காவின் கணவர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எது நின்றாலும் முதலில் ஓட வைக்க வேண்டும், காரணத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர் தொழில்.

"பணத்தைத்தான் திருப்பித் தர்றாங்களே. ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு வேலையைப் பாரு."

"கிறுக்கினா, நானாக் கேட்டு வாங்கினேன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே. அதையெல்லாம் யார் பார்க்கப் போறா?"

"அவங்களும் அப்படித்தான் நினைச்சிருக்காங்க."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "எழுத்தாளரம்மா, நீயாவது சொல்லேன்."

அக்கா தொடர்ந்தாள். "எங்க லைன்லயே இன்னும் ஆறு பேருக்கு வந்திருக்கு. ரெண்டு பேருக்குப் படிக்கத் தெரியாது. நான் போட்டுட்டேன்னா, 'சண்டை போட்ட அந்தம்மாவே போட்டுட்டாங்க, உனக்கென்ன'ன்னு ஆறு பேர்கிட்டயும் இதே தாளை நீட்டுவாங்க. அவங்க பேர்லயெல்லாம் கேக்காம திறந்தாங்கன்னு ஒரு ரெக்கார்டுலயும் இருக்காது."

"வெள்ளிக்கிழமை நான் கொண்டுபோய் விடறேன்," என்றார் அத்தான். முதல் முடிவு அங்கேயே செத்துவிட்டது.

இரண்டாம் முடிவு என் கைவண்ணம். தொழிற்சாலைப் பெண்கள் அத்தனை பேரும் வங்கி வாசலில் திரள்கிறார்கள். மேலதிகாரி இறங்கிவந்து கைகூப்புகிறார். அக்கா கார்டை நறுக்கி மேசையில் கொட்டுகிறாள்.

அக்கா படித்துவிட்டுக் கேட்டாள்: "இவ்வளவு பேருக்கும் யாருடி லீவு குடுத்தா?"

7

வெள்ளிக்கிழமை காலை. இந்த முறை நானும் போயிருந்தேன். இதிலிருந்து எல்லாம் நான் நேரில் பார்த்தது.

கிளம்பும் முன் அக்கா ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தாள். "உன் எழுத்து அழகா இருக்கும், நீ எழுது. நான் சொல்றதை மட்டும் எழுது." சொன்னாள், எழுதினேன். 'இந்த அட்டையை இவர் கேட்கவில்லை. இவர் பழைய கையெழுத்தை எடுத்து நாங்களே இவர் பெயரில் திறந்தோம். இவருடைய லைனில் வேறு ஆறு பேருக்கும் இப்படியே செய்தோம்.' கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில்: வங்கி அதிகாரி. இத்தனை வருடத்தில் உவமை இல்லாமல் நான் எழுதிய முதல் பக்கம் இதுவாகத்தான் இருக்கும்.

அத்தான் எங்களை வங்கி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். அதிகாரி அக்காவைப் பார்த்ததும் மூடும் படிவத்தை எடுத்து, பேனாவையும் அதன் மேல் வைத்தார். அக்கா படிவத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, தன் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பேனாவை அதன் மேல் வைத்தாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மேடம், பேங்க் இப்படியெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுக்காது."

"நான் போடாததையே போட்டிருக்கீங்க. நீங்க போட வேண்டியதைப் போட மாட்டீங்களா?"

பின்னால் வரிசையில் நின்ற யாரோ கனைத்தார். அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அதிகாரம் இல்லம்மா. மேல இருக்கிறவங்களைக் கேக்கணும்."

"தாராளமா. கேட்டுட்டுச் செய்யறது நல்ல பழக்கம்."

அவர் முகத்தில் ஒரு கணம் வந்துபோனது சிரிப்பா வலியா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு மூடிக்கொண்டது.

அக்கா இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, வீட்டில் உட்காருவதுபோல் காலை மடித்து மேலே வைத்துக்கொண்டாள். காவலாளி பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு முக்கால் மணி.

"முடிவு எழுதட்டுமாக்கா?"

"அவரே இன்னும் வெளிய வரல. உனக்கென்ன அவசரம்?"

8

'கதவு திறந்தது' என்று எழுத எனக்கு இரண்டு சொற்கள் போதும். எத்தனையோ கதைகளில் எழுதியிருக்கிறேன். அதிகாரியின் கையில் அந்தத் தாளைக் கொடுத்து அனுப்பலாம், கோட்டின் மேல் கையெழுத்தோடு. அல்லது வெறும் கோட்டோடு. இரண்டையும் செய்யப் போவதில்லை.

உங்களுக்கென்று ஒரு முடிவு இந்நேரம் தோன்றியிருக்கும். வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க முடியாது. ஆனால் அக்காவைக் கேட்காமல் அவள் பெயரில் அதைப் போட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டுமென்றால் நேரில் வாருங்கள். உள்ளறைக் கதவுக்கு எதிரே, இரண்டாவது நாற்காலி. மாலை ஆகிவிட்டது; வங்கி மூடும் நேரம் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"அப்படியா?" என்றாள் அக்கா. காலை இறக்கவில்லை.